டெஸ்க்டாப்பில் புளூடூத் மவுஸ் திக்குகிறது, மீட்டிங்கில் ஹெட்போன் சத்தம் கெட்டுப்போகிறது: எந்த செட்டிங்கை மாற்றுவது?

நெல்லைச்சீமை

வணக்கம் மக்களே. போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப், விண்டோஸ் 11. மதர்போர்டிலேயே வைஃபையும் புளூடூத்தும் இருக்கிறது என்று சொன்னதால் தனியாக யுஎஸ்பியில் செருகும் புளூடூத் டாங்கிள் எதுவும் வாங்கவில்லை. நெட்டுக்கு லேன் வயர்தான், வைஃபையை ஆன் செய்ததே கிடையாது.

பிரச்சினை என்னவென்றால், புளூடூத் மவுஸ் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அம்புக்குறி நின்று, அப்புறம் எங்கேயோ போய்க் குதிக்கும். ஹெட்போனில் பாட்டு கேட்டால் துண்டு துண்டாக வருகிறது, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் அதுவும் போய்விடுகிறது. ஆபீஸ் மீட்டிங்கில் சேர்ந்தால் சத்தம் பழைய டெலிபோனில் பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது. இதே ஹெட்போன் மொபைலில் அருமையாகக் கேட்கிறது.

டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டாயிற்று, மவுஸை ரிமூவ் செய்து திரும்ப பேர் செய்தாயிற்று (புதிதாக இணைத்தாயிற்று), விண்டோஸ் அப்டேட் எல்லாம் முடித்தாயிற்று. கடையில் கேட்டால் "கொண்டுவாங்க, ஃபார்மட் அடிச்சுத் தரோம்" என்கிறார்கள். ஃபார்மட் அடிக்காமல் வேறு வழி உண்டா?

சும்மா_ஒருவன்

டிரைவர் அப்டேட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி ஓட விடுங்கள் பாஸ், அதுவே எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் புதுசு போட்டுவிடும். எனக்கு வேலை செய்தது.

பழைய_மதர்போர்டு

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த மாதிரி சாஃப்ட்வேர்களில் பாதி, இல்லாத கோளாறைக் காட்டிக் காசு கேட்கும், மீதி பொருந்தாத டிரைவரைப் போட்டு இருந்ததையும் கெடுக்கும். டிரைவர் வேண்டுமென்றால் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்துக்குப் போய் எடுங்கள், இன்டெல் வைஃபை கார்டு என்றால் இன்டெல் தளத்திலேயே வைஃபைக்கு ஒன்றும் புளூடூத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியாகக் கிடைக்கும்.

ஆனால் தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது டிரைவர் சமாச்சாரமாகவே தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளினால் சத்தம் போகிறது என்கிறீர்கள் பாருங்கள், டிரைவருக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்: கேபினெட் மேசை மேலா கீழா? பின்பக்கத்தில் என்னென்ன செருகியிருக்கிறது? வைஃபை ஆண்டெனா மாட்டியிருக்கிறதா?

நெல்லைச்சீமை

கேபினெட் மேசைக்குக் கீழே, சுவர் ஓரம், பக்கத்தில் இரும்பு பீரோ. பின்னால் மானிட்டர் வயர், லேன், கீபோர்டு, அப்புறம் நீல நிற போர்ட்டில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும்.

ஆண்டெனா என்று எதுவும் இல்லையே அண்ணா. வைஃபை பயன்படுத்தவே இல்லை, அதற்கு எதற்கு ஆண்டெனா?

பழைய_மதர்போர்டு

அங்கேதான் இருக்கிறது விஷயம். டெஸ்க்டாப் மதர்போர்டில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே குட்டி கார்டில் வரும், இரண்டுக்கும் பொதுவாக அதே ஆண்டெனாதான். லேப்டாப்பில் அந்த ஆண்டெனா கம்பிகளைத் திரையின் ஓரத்துக்கு உள்ளே ஓட்டியிருப்பார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்க்டாப்பில் அது வெளியே வரும். கேபினெட்டுக்குப் பின்னால் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு அருகே தங்க நிறத்தில், மரை போட்ட இரண்டு குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். சில புது போர்டுகளில் மரை இல்லாமல் அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் வகையும் வருகிறது. அதில் ஒன்றும் மாட்டவில்லை என்றால் உங்கள் புளூடூத், இரும்புப் பெட்டிக்கு உள்ளிருந்து கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு முழம் தூரத்துக்குத் தட்டுத்தடுமாறி எட்டும், அதற்கு மேல் எட்டாது.

ஆண்டெனா மதர்போர்டு பெட்டிக்குள்தான் வரும். அசெம்பிள் செய்கிறவர்கள் பலர் போர்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பெட்டியோடு மூடிக் கொடுத்துவிடுவார்கள். பெட்டி இருக்கிறதா, பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டீர்களா?

நெல்லைச்சீமை

பெட்டி பரண் மேல் இருக்கிறது. ஆமாம், பின்னால் தங்கக் கலரில் இரண்டு குழாய் இருக்கிறது, சிவப்பு மூடி கூடக் கழற்றவில்லை! சாயங்காலம் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன்.

சும்மா_ஒருவன்

புளூடூத்துக்கு வைஃபை ஆண்டெனா எதற்கு, இரண்டும் வேற வேற இல்லையா?

கோவை_செல்வி

பேசும் முறைதான் வேறு, காற்றில் ஓடும் இடம் ஒன்றே. புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் அதே இடம். ஹெட்போனெல்லாம் பயன்படுத்துகிற பழைய வகை புளூடூத், இந்த இடத்தை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு நொடிக்கு 1600 முறை தடம் மாறித் தாவும். 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தத் தடத்தில் இரைச்சல் இருக்கிறது என்று பார்த்து அதை விட்டுவிட்டு மற்றதில் தாவும் வசதியும் உண்டு. ஆனால் ஒரு வைஃபை சேனலே 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும், அபார்ட்மென்ட்டில் சுற்றியிருக்கும் நாலைந்து ரூட்டரும் 1, 6, 11 என்று ஆளுக்கொரு சேனலில் உட்கார்ந்துவிட்டால் தாவுவதற்கும் இடம் குறைந்துபோகும்.

அதனால் லேப்டாப்பில் இதே மாதிரி மவுஸ் திக்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. ரூட்டரில் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் எதில் சேருவது என்று லேப்டாப்பே முடிவு செய்யும், பல நேரம் 2.4-ல் போய் ஒட்டிக்கொள்ளும். ரூட்டரில் பெயரைப் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து அட்வான்ஸ்டு டேபில் பிரிஃபர்டு பேண்ட் என்று இருக்கும், அதில் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். எல்லா அடாப்டரிலும் அந்த வரி இருக்காது, இன்டெல் கார்டுகளில் இருக்கும்.

இன்னொன்று, நெல்லைச்சீமை, அந்த ஹார்ட் டிஸ்க்கை மறக்காதீர்கள். யுஎஸ்பி 3.0 டேட்டா ஓடும்போது அதன் வயரும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கசிய விடும். இது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை, இன்டெல் கம்பெனியே 2012-ல் அளந்து ஒரு அறிக்கையாக வெளியிட்டது. ஆண்டெனாவுக்குப் பக்கத்து போர்ட்டில் செருகிய ஹார்ட் டிஸ்க், அதுவும் மட்டமான வயரோடு இருந்தால், காப்பி ஓடும் நேரத்தில் மவுஸ் தள்ளாடும். டிஸ்க்கை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

பழைய_மதர்போர்டு

செல்வி சொல்வது சரி. டாங்கிள் வைத்திருக்கிறவர்களுக்கும் இதேதான், டாங்கிளை ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் செருகாமல் ஒரு முழ நீள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி மேசை மேல் கொண்டுவந்து வைத்தால் பாதி புகார் தீர்ந்துவிடும்.

இதோடு இன்னொரு டெஸ்க்டாப் கூத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போர்டில் வைஃபை இல்லை என்று பிசிஐ கார்டு வாங்கி மாட்டுவார்கள். வைஃபை ஜோராக வேலை செய்யும், புளூடூத் மட்டும் செட்டிங்ஸில் வரவே வராது. காரணம், அந்தக் கார்டில் வைஃபைக்குத்தான் பிசிஐ வழி, புளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகிறது. அதற்கென்று கார்டோடு ஒரு சின்ன வயர் கொடுத்திருப்பார்கள், அதை மதர்போர்டில் 9 பின் உள்ள யுஎஸ்பி ஹெடரில் செருக வேண்டும். அதைச் செருகாமல் டிரைவரை மட்டும் எத்தனை முறை போட்டாலும் ஒன்றும் நடக்காது.

நெல்லைச்சீமை

மக்களே, ஆண்டெனா பெட்டிக்குள்தான் இருந்தது, மதர்போர்டு மேனுவலுக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில். காந்த அடி வைத்த ஆண்டெனா, நீள வயரோடு. பீரோ பக்கம் வேண்டாம் என்று மேசை மேல் மானிட்டருக்குப் பின்னால் வைத்தேன், ஹார்ட் டிஸ்க்கை முன்பக்கம் மாற்றினேன். மவுஸ் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது! ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அடுப்படி வரை போனேன், பாட்டு அறுபடவே இல்லை. கடைக்காரருக்கு போன் போட்டுச் சொன்னால் "வைஃபை வேணும்னு நீங்க சொல்லலையே சார்" என்கிறார்.

ஆனால் மீட்டிங் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பாட்டு அருமை, மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடி சத்தம் டப்பாவுக்குள் போய்விடுகிறது.

கோவை_செல்வி

இது என் ஏரியா, நாள் முழுக்க கால்தான் என் பிழைப்பு.

உங்கள் ஹெட்போனிலும் கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. சாதாரண புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு முறைகள் உண்டு. பாட்டுக்கு ஏ2டிபி: ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனால் ஒருவழிப் பாதை, மைக் கிடையாது. பேச்சுக்கு ஹேண்ட்ஸ் ஃப்ரீ: இருவழி, மைக் உண்டு, ஆனால் மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி, தரம் மிகக் குறைவு. ஏதாவது ஒரு ஆப் ஹெட்போனின் மைக்கைத் திறந்ததுமே விண்டோஸ் மொத்தத்தையும் ஹேண்ட்ஸ் ஃப்ரீக்கு மாற்றிவிடும், அந்த நொடியில்தான் உங்களுக்கு டப்பா சத்தம். பழைய முறையில் ஒலியை நொடிக்கு 8000 முறை மட்டும் மாதிரி எடுத்து அனுப்பும், அது அச்சு அசல் டெலிபோன் தரம். கொஞ்சம் புதிய ஹெட்போன்களில் 16000. பாட்டுக்கு வழக்கமாக 44100 ஓடும் இடத்தில் இது எம்மாத்திரம்?

வழி இதுதான்: மைக்கை ஹெட்போனிலிருந்து எடுக்காதீர்கள். வெப்கேமில் மைக் இருக்கும், இல்லையென்றால் ஒரு சாதாரண காலர் மைக் வாங்கி யுஎஸ்பியிலோ ஆடியோ ஜாக்கிலோ செருகுங்கள். மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும் மைக்குக்கு வெப்கேமையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற இடத்திலும் வெப்கேமையே வையுங்கள், ஏனென்றால் பிரவுசரில் ஓடும் மீட்டிங்குகள் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கும்.

நெல்லைச்சீமை

அக்கா, செய்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் சில நேரம் ஆப் தானாகவே ஹெட்போன் மைக்குக்கு மாறிவிடுகிறது. அதை ஒரேயடியாக மூட முடியுமா?

கோவை_செல்வி

முடியும். செட்டிங்ஸில் புளூடூத் அண்டு டிவைசஸ், அதில் டிவைசஸ், அடியில் வரைக்கும் இறங்கினால் மோர் டிவைசஸ் அண்டு பிரிண்டர் செட்டிங்ஸ் என்று ஒரு வரி. அதைத் தட்டினால் பழைய கண்ட்ரோல் பேனல் ஜன்னல் திறக்கும். ஹெட்போன் படத்தின் மேல் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், சர்வீசஸ் டேப். அங்கே ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிபோனி என்ற டிக்கை எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். அதோடு அந்த ஹெட்போனின் மைக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இல்லாமல் போய்விடும், எந்த ஆப்பும் திருட முடியாது. மொபைலில் மைக் வழக்கம்போல வேலை செய்யும். ஹெட்போனை ரிமூவ் செய்து மறுபடி பேர் செய்தால் மட்டும் டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும், இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

சும்மா_ஒருவன்

இவ்வளவு சுற்றுவதற்கு எல்டாக் (உயர்தர ஒலிக்கான கோடெக்) உள்ள விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கினால் தீர்ந்தது.

கோவை_செல்வி

தீராது. எல்டாக் பாட்டு பக்கம் மட்டும்தான், மைக் திறந்தால் அதுவும் இதே குழியில்தான் விழும். தவிர விண்டோஸில் எல்டாக் இயல்பாகவே கிடையாது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக்குகளில் எஸ்பிசி, ஆப்டெக்ஸ் உண்டு, விண்டோஸ் 11-ல் ஏஏசி சேர்ந்தது, அவ்வளவுதான். கடையில் எல்டாக் ஸ்டிக்கரைப் பார்த்து விண்டோஸுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

உண்மையான தீர்வு எல்இ (லோ எனர்ஜி) ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறை. அதில் ஸ்டீரியோவும் மைக்கும் ஒன்றாக ஓட வழி இருக்கிறது, 2025-ல் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் மீட்டிங்கின்போதும் ஸ்டீரியோ கேட்கும் வசதியைக் கொடுத்தார்கள். ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டரின் புளூடூத் சிப், டிரைவர் மூன்றும் எல்இ ஆடியோ தெரிந்தவையாக இருக்க வேண்டும். புளூடூத் 5.3 என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், எண் 5.3 ஆக இருந்தும் எல்இ ஆடியோ இல்லாத கருவிகள் நிறைய. உங்கள் கம்ப்யூட்டரில் உண்டா என்பதை அதே புளூடூத் டிவைசஸ் பக்கத்தில் பார்க்கலாம், இருந்தால் கிடைக்கும்போது எல்இ ஆடியோவைப் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு சுவிட்ச் தெரியும். அந்த வரியே இல்லையென்றால் இல்லை.

பனங்காய்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இழை நல்லாப் போகுது, நடுவில ஒரு கேள்வி கேட்டால் கோவிக்க வேண்டாம். என்ர லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் இரண்டும் இருக்கு. ஹெட்போனை விண்டோஸில் சேர்த்தால் உபுண்டுவில் வேலை செய்யாது, உபுண்டுவில் சேர்த்தால் விண்டோஸில் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் அழிச்சுப்போட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டிக் கிடக்கு. மவுஸுக்கும் இதே கதிதான்.

பெங்குவின்_பித்தன்

அண்ணை, இதற்கு இரண்டு வழிகள், எளிதானது முதலில். உங்கள் மவுஸின் அடியில் 1, 2, 3 என்று மாற்றும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1-ல் விண்டோஸையும் 2-ல் உபுண்டுவையும் சேர்த்துவிடுங்கள். ஒரே லேப்டாப்தான் என்றாலும் மவுஸைப் பொறுத்தவரை இரண்டு தனித்தனி ஆட்கள், அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹெட்போனுக்கு அந்த வசதி இல்லை, அதனால் சாவியைக் காப்பி எடுக்க வேண்டும். நடப்பது என்னவென்றால், பேர் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளும். ஹெட்போன் அந்தச் சாவியை உங்கள் புளூடூத் அடாப்டரின் முகவரியோடு சேர்த்து வைத்திருக்கும். விண்டோஸ் ஓடினாலும் உபுண்டு ஓடினாலும் அடாப்டர் ஒன்று, முகவரி ஒன்று. ஆக, உபுண்டுவில் புதிதாகப் பேர் செய்ததும் ஹெட்போன் பழைய விண்டோஸ் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எழுதிவிடும். விண்டோஸ் கையில் பழைய சாவியே இருக்கும், கதவு திறக்காது.

செய்ய வேண்டியது: முதலில் உபுண்டுவில் பேர் செய்யுங்கள், அதன் பிறகு விண்டோஸில். இந்த வரிசை முக்கியம், கடைசியாகச் செய்த விண்டோஸ் சாவிதான் ஹெட்போனிடம் இருக்கும். இனி விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பிடிஎச்போர்ட் (BTHPORT) சேவைக்குள் பாராமீட்டர்ஸ், அதற்குள் கீஸ். சாதாரண அட்மின் கணக்கில் திறந்தால் அது காலியாகத்தான் தெரியும், சிஸ்டம் உரிமையோடு திறக்க வேண்டும். அது தலைவலி என்றால் உபுண்டுவில் இருந்தபடியே விண்டோஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து சிஎச்என்டிபிடபிள்யூ (chntpw) என்ற கருவியால் ரெஜிஸ்ட்ரி கோப்பைப் படிக்கலாம், நான் அப்படித்தான் செய்வேன். கிடைக்கிற 16 பைட் சாவியை இடைவெளி இல்லாமல் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு, உபுண்டுவில் புளூடூத் கோப்புறைக்குள் அடாப்டர் முகவரி, அதற்குள் ஹெட்போன் முகவரி, அதற்குள் இன்ஃபோ என்ற கோப்பில் லிங்க்கீ பகுதியில் இருக்கும் கீயை மாற்றிப் போடுங்கள். புளூடூத் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இது ஹெட்போன் மாதிரி பழைய வகைக் கருவிக்கு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் லோ எனர்ஜி வகை மவுஸுக்கு ஒரு சாவி போதாது, நாலைந்து மதிப்புகள் உண்டு, அதில் ஒன்றைப் பைட் வரிசையைப் புரட்டித் தசம எண்ணாக மாற்ற வேண்டும். போதாததற்குச் சில மவுஸ்கள் ஒவ்வொரு முறை பேர் செய்யும்போதும் தன் முகவரியையே ஒன்று கூட்டிக்கொள்ளும், கோப்புறையின் பெயரையும் மாற்ற வேண்டிவரும். அதனால்தான் 1, 2, 3 பொத்தானை முதலில் சொன்னேன்.

பனங்காய்

பொத்தான் இருக்கு! இவ்வளவு நாளும் அது என்னத்துக்கு எண்டே தெரியேல்ல. ஹெட்போனுக்கு இரவைக்கு இருந்து செய்து பாக்கிறன், நன்றி தம்பி.

அம்பத்தூர்_எக்ஸ்பிரஸ்

நானும் நடுவில் புகுந்துகொள்கிறேன். லேப்டாப்பில் நேற்று வரை புளூடூத் இருந்தது, இன்று ஆன் செய்தால் ஐகானே இல்லை. செட்டிங்ஸில் புளூடூத் சுவிட்சே காணோம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி பகுதியில் மஞ்சள் முக்கோணத்தோடு அன்நோன் டிவைஸ், கோட் 43. கார்டு போய்விட்டதா?

பழைய_மதர்போர்டு

பதற வேண்டாம், பெரும்பாலும் கார்டு போயிருக்காது. மேலே சொன்னேன் இல்லையா, புளூடூத் உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் ஓடுகிறது என்று. அந்தச் சிப் ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொண்டு யுஎஸ்பிக்குப் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்துத் திரும்ப ஆன் செய்வதால் சரியாகாது, ஏனென்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் முழுசாக அணைவதில்லை, பாதி நிலைமையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு திரும்ப அதையே எடுத்துக்கொள்ளும். அது போக, பேட்டரி இருக்கும் வரை போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அது முழு ஷட்டவுன். சார்ஜரைப் பிடுங்குங்கள், செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி கழற்ற முடிந்த பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். அப்புறம் சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள்.

அம்பத்தூர்_எக்ஸ்பிரஸ்

வந்துவிட்டது தெய்வமே. சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதை இங்கே எழுதினால் நீங்கள் எல்லோரும் அடிக்க வருவீர்கள். திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது?

சும்மா_ஒருவன்

டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டர், பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இதையாவது சரியாகச் சொன்னேனா?

பழைய_மதர்போர்டு

இந்த முறை சரியாகத்தான் சொன்னீர்கள். :) டெஸ்க்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். லேப்டாப்பில் பேட்டரி கொஞ்சம் வேகமாக இறங்கும், அதனால் நான் இதை முதல் வேலையாகச் சொல்ல மாட்டேன். சில லேப்டாப்களில் அந்த டேபே தெரியாது. முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை மட்டும் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் பாருங்கள், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் அதை நிறுத்தினால் ஆன் ஆகச் சில நொடிகள் கூடும், அவ்வளவே.

கோவை_செல்வி

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆபீஸ் கால் நடுவில் ஹெட்செட் அறுந்தால் போகிற மானத்துக்கு முன்னால் பத்து நிமிட பேட்டரி ஒரு பொருட்டா? நான் வாங்கிய முதல் நாளே அந்த டிக்கை எடுத்துவிடுவேன்.

பழைய_மதர்போர்டு

உங்கள் லேப்டாப் எப்போதும் சார்ஜரில்தானே இருக்கிறது. ரயிலில் உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்பத்தூர்_எக்ஸ்பிரஸ்

ரயிலில் வேலை செய்கிறவன் நான்தான், பெயரிலேயே இருக்கிறதே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை மட்டும் எடுத்துவிட்டேன், பார்ப்போம். ஒரு சந்தேகம், பேசாமல் ஒரு டாங்கிள் வாங்கிச் செருகிவிட்டால் உள்ளே இருப்பது எக்கேடு கெட்டால் என்ன?

பெங்குவின்_பித்தன்

செருகலாம், ஆனால் விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் அடாப்டரைத்தான் ஏற்கும். உள்ளே இருப்பதை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிட்டு டாங்கிளைச் செருகுங்கள். அன்இன்ஸ்டால் கொடுத்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப முளைத்துவிடும், டிசேபிள்தான் நிற்கும். சேர்த்து வைத்த எல்லாக் கருவிகளையும் புதிதாகப் பேர் செய்ய வேண்டும், சாவி அடாப்டரோடு போய்விடும் என்று மேலே சொன்ன அதே காரணம். நடைபாதைக் கடையில் கிடைக்கும் விலை குறைந்த டாங்கிள்களில் சிஎஸ்ஆர் என்ற பழைய சிப்பின் போலி நிறைய உலாவுகிறது, லினக்ஸ் கெர்னலிலேயே அந்தப் போலிகளை அடையாளம் கண்டு சமாளிக்கத் தனியாக வரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமை

என் இழையில் இவ்வளவு நடந்திருக்கிறதா! இன்னொரு சின்னத் தொல்லை பாக்கி. கம்ப்யூட்டரில் பாட்டு ஓடும்போது மொபைலில் வாட்ஸ்அப் டிங் என்றால் போதும், பாட்டு நின்றுவிடுகிறது, ஹெட்போன் மொபைல் பக்கம் போய்விடுகிறது.

கோவை_செல்வி

உங்கள் ஹெட்போனில் மல்டிபாயிண்ட் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு சேர்ந்திருக்கும். எதில் சத்தம் வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஹெட்போனின் ஆப்பில் அதை நிறுத்தலாம். நிறுத்த மனமில்லை என்றால் மொபைலின் புளூடூத் பட்டியலில் ஹெட்போனுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தட்டி மீடியா ஆடியோவை மட்டும் அணையுங்கள், கால் ஆடியோ இருக்கட்டும். டிங் சத்தம் மொபைல் ஸ்பீக்கரிலேயே வரும், யாராவது போன் செய்தால் மட்டும் ஹெட்போனில் கேட்கும்.

நெல்லைச்சீமை

சரியாகிவிட்டது அக்கா. இனி வயர் கீபோர்டையும் தூக்கிப் போட்டுவிட்டு புளூடூத் கீபோர்டு வாங்கலாம் என்றிருக்கிறேன், மேசை சுத்தமாக இருக்கும்.

பழைய_மதர்போர்டு

வாங்குங்கள், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். புளூடூத் கீபோர்டு விண்டோஸ் எழுந்த பிறகுதான் உயிர்பெறும், பெரும்பாலான டெஸ்க்டாப்களில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு செட்டிங் திரை) நுழைய அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. விண்டோஸ் கெட்டுப்போய் ரிப்பேர் திரையில் நிற்கும் அன்றைக்கும் அதே கதைதான். இதற்காகவே பலர் 2.4 கிகாஹெர்ட்ஸ் தனி ரிசீவரோடு வரும் கீபோர்டை வாங்குகிறார்கள், அந்த ரிசீவர் கம்ப்யூட்டருக்குச் சாதாரண யுஎஸ்பி கீபோர்டாகவே தெரியும், பயாஸிலும் ஓடும். புளூடூத்தும் ரிசீவரும் இரண்டும் சேர்ந்து வரும் மாடல்களும் உண்டு. லாஜிடெக் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள், பழைய யூனிஃபையிங் ரிசீவரும் 2021-ல் வந்த போல்ட் ரிசீவரும் ஒன்றோடொன்று பேசாது, ஏற்கனவே ஒரு ரிசீவர் வைத்திருந்தால் அதே வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

நெல்லைச்சீமை

அப்போ ரிசீவர் உள்ளதாகவே பார்க்கிறேன், வயர் கீபோர்டு ஆண்டெனா இருந்த பெட்டிக்குள் போய்ப் பரணேறட்டும். நிர்வாகிகளே, தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிடுங்கள்.

பனங்காய்

மூடுறதுக்கு முன்னம் ஒரு வரி: ஹெட்போன் இரண்டிலும் வேலை செய்யுது! இன்ஃபோ கோப்பில் சாவியை இடைவெளியோட போட்டபோது ஏற்கேல்ல, இடைவெளியை எடுத்த உடன ஏற்றுக்கொண்டுட்டுது. பின்னால வந்து வாசிக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதிவிடுறன்.